ஏற்றத்தில் பாரப்பெட்டி இழுத்தல்

செட்டிகுளப் பகுதிக் கமக்காரர்களுக்குப் பெரும்போக அறுவடை மாசி, பங்குனி மாதங்களில் நிறைவுறுகின்றது. அக்காலத்தில் நெல்லை வயலிலிருந்து வீதிக்கும், வீதியிலிருந்து ஆலைக்கும் களஞ்சியத்துக்கும் கொண்டு செல்வது பெருவேலையாகும். மேட்டுநிலத்திற் பயிராகும் பூசணி, கத்தரி, வெண்டி, பயற்றை, நிலக்கடலை ஆகியனவும் வாரந்தோறும் சந்தைக்குச் செல்லவேண்டியவையே. இவ்வேலைக்கு முன்னர் மாட்டுவண்டில் பயன்பட்டது. இன்று நான்கு சக்கர உழவு இயந்திரமும், லாண்ட்மாஸ்டர் என வழங்கும் இரு சக்கர உழவு இயந்திரமும், டீசல் பிக்கப்பும் பெட்டி பூட்டி இழுக்கின்றன.

2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அத்தடை 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பெரிதும் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய பிக்கப்புகளே மீண்டும் மீண்டும் திருத்தப்பெற்று ஓடின. வில்லுத்தகடு கூட்டுதல், பின்புறத்தில் இழுவைக்கொக்கி ஒட்டுதல், எரிபொருட் பம்பியைத் திருகிக் கூடுதலாக டீசல் விடுதல் முதலிய மாற்றங்கள் பெருகின. இவ்வாறு மாற்றியமைத்த வண்டி எதனையும் இழுக்கும் என்ற நம்பிக்கையும் உடன் வளர்ந்தது. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது, ஏற்றத்திற் பாரம் இழுக்கும்போது உண்மையில் எல்லை வகுப்பது எது என்பதை இப்பிரசுரம் விளக்குகின்றது. அதனைச் சுருங்கக் கூறின், ஏறும்போது எல்லை வகுப்பது சக்கரத்தின் பிடிப்பு. இறங்கும்போது எல்லை வகுப்பது பிரேக்கு. இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதனால் இவ்விரண்டில் ஒன்றும் கூடுவதில்லை.

ஏற்றத்தை அளந்தறிதல்

நமது பகுதி சமவெளி. இங்கு மலை இல்லை. ஆயினும் ஏற்றம் இல்லையென்று கொள்ளலாகாது. குளக்கட்டில் ஏறும் பாதை, வாய்க்காற் கட்டு, அருவி ஆற்றின் கரை, வயலிலிருந்து வீதிக்கு ஏறும் மேடு ஆகியன யாவும் ஏற்றங்களே. அவை குறுகியவை, ஆனால் மிகச் செங்குத்தானவை.

ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். 1867ஆம் ஆண்டில் கண்டிக்குப் புகையிரதம் சென்றபோது, கடுகண்ணாவை ஏற்றம் 45 அடிக்கு 1 அடி என்ற சாய்வில் அமைக்கப்பட்டது. அச்சாய்வில் ஏறுவதற்கே பாரவண்டித் தொடருக்குப் பின்னால் இன்னுமோர் இயந்திரத்தைப் பூட்டித் தள்ளும் வழக்கம் இருந்தது. 3 மீற்றர் உயரமான ஒரு குளக்கட்டிற்கு 21 மீற்றர் நீளத்தில் பாதை வெட்டினால் அதன் சாய்வு 7க்கு 1 ஆகும். கடுகண்ணாவையிலும் ஆறு மடங்கு செங்குத்தான ஏற்றத்தில் நாம் நெல்மூடைகளை ஏற்றிச் செல்கின்றோம்.

சாய்வை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 10 அடி நீளமுள்ள நேரான பலகை ஒன்றும், கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டம் ஒன்றும் போதும். பலகையைப் பாதையின் போக்கிலே கிடத்தி, தாழ்ந்த முனையை நீர்மட்டம் சரியாகும் வரை உயர்த்துக. அம்முனைக்கும் தரைக்கும் இடையே 1 அடி இடைவெளி இருப்பின் சாய்வு 10க்கு 1. ஒன்றரை அடி இருப்பின் ஏறத்தாழ 7க்கு 1. தாம் நாளும் பயன்படுத்தும் பாதைகளை ஒருமுறை அளந்து குறித்து வைத்தல் ஒவ்வொரு கமக்காரருக்கும் நன்று.

வேண்டிய விசை எவ்வளவு?

கணக்கிற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சாரதியுடன் வெறும் பிக்கப்பின் நிறை 1,700 கிலோகிராம். ஓர் அச்சுடைய வெறும் பெட்டியின் நிறை 500 கிலோகிராம். ஒரு மூடை நெல் 60 கிலோகிராம் வீதம் 35 மூடை 2,100 கிலோகிராம். ஆகவே மொத்தம் 4,300 கிலோகிராம்.

இதனை 10க்கு 1 என்ற ஏற்றத்தில் இழுக்க, சாய்வை வெல்வதற்கு மட்டும் மொத்த நிறையிற் பத்திலொன்றாகிய 430 கிலோகிராம் விசை வேண்டும். இதனுடன் சக்கரம் உருள்வதற்கு ஏற்படும் தடையையும் சேர்த்தல் வேண்டும். தார்வீதியில் அத்தடை நிறையில் ஐம்பதில் ஒரு பங்கு எனலாம். இறுகிய மண்பாதையில் இருபதில் ஒரு பங்கு. நனைந்த மண்ணிலும் மணலிலும் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் ஆகும். இறுகிய மண்பாதை எனக் கொள்ளின் 215 கிலோகிராம். ஆகவே வேண்டிய மொத்த விசை 645 கிலோகிராம்.

இவ்விசையைக் கொடுக்க எவ்வளவு பரிவலு வேண்டும்? மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதாயின் ஏறத்தாழ 24 பரிவலு. 20 கிலோமீற்றர் வேகமாயின் 48. ரேர்போ பொருத்தாத பழைய 2.4, 2.5 லீற்றர் டீசல் பிக்கப் இயந்திரங்கள் ஏறத்தாழ 75 முதல் 85 பரிவலு உடையவை. ஆகவே மெதுவாக, தாழ்ந்த கியரில் ஏறும் கமக்காரருக்கு இயந்திரத்தின் வலு ஒருபோதும் குறைவன்று. வேகமாக ஏறவேண்டும் என்ற அவாவே வலுப்போதாமையாகத் தோன்றுகின்றது.

பிடிப்பே முதன்மை

இயந்திரத்தில் வலு இருந்தும் வண்டி ஏறாமல் சக்கரம் சுழல்வதைப் பலர் கண்டிருப்பர். பின்சக்கரம் மட்டும் இயங்கும் பிக்கப்பில், பின் அச்சின்மேல் இருக்கும் நிறையே பிடிப்பைத் தருகின்றது. காய்ந்து இறுகிய மண்ணில், இயங்கும் சக்கரங்கள் தம்மேல் உள்ள நிறையில் ஏறத்தாழப் பாதியளவு விசையைத் தரையில் ஊன்றக் கூடியவை. நனைந்த களிமண்ணில் அது மூன்றிலொரு பங்கிற்கும் குறையும்.

வெறும் பிக்கப்பின் பின் அச்சில் 750 கிலோகிராம் நிறை இருப்பதாகக் கொள்வோம். மேற்கூறிய 35 மூடையையும் மூன்று விதமாக ஏற்றிப் பார்க்கலாம்.

முதலாவது முறை: 10 மூடையைப் பிக்கப்பிலும் 25 மூடையைப் பெட்டியிலும் ஏற்றி, பெட்டியின் முன்பாரம் 200 கிலோகிராம் இருக்குமாறு அடுக்குதல். பிக்கப்பிலுள்ள 600 கிலோகிராமில் 550 அளவு பின் அச்சிற்கு வரும். பின் அச்சின் நிறை 750, 550, 200 சேர்ந்து 1,500. பிடிப்பு 750 கிலோகிராம். வேண்டியது 645. வண்டி ஏறும்.

இரண்டாவது முறை: பிக்கப்பை வெறுமையாக விட்டு, 35 மூடையையும் பெட்டியில் ஏற்றுதல். முன்பாரம் 260 கிலோகிராம் என வைத்தாலும் பின் அச்சின் நிறை 1,010. பிடிப்பு 505. வண்டி ஏறாது, சக்கரம் சுழன்று மண்ணைத் தோண்டும்.

மூன்றாவது முறை: 35 மூடையும் பெட்டியில், அதுவும் பின்புறமாக அடுக்கி முன்பாரமே இல்லாமல் விடுதல். பின் அச்சில் 750 மட்டுமே. பிடிப்பு 375. இதனை ஏற்றத்திற் கொண்டுசெல்ல முயல்வதே தவறு.

மூன்று முறைகளிலும் நெல் ஒன்றே, வண்டி ஒன்றே, இயந்திரமும் ஒன்றே. சுமை வைத்த இடம் மட்டுமே வேறு. இரண்டாவது, மூன்றாவது முறைகளில் இயந்திரத்தின் வலுவை இருமடங்காக்கினும் சக்கரம் இன்னும் விரைவாகச் சுழலுமேயன்றி வண்டி ஓர் அடியும் முன்செல்லாது.

நான்கு சக்கரமும் இயங்கும் பிக்கப்பாயின் முன் அச்சின் நிறையும் பிடிப்பிற்கு உதவும். ஆயினும் மழை பெய்து நனைந்த களிமண்ணில் பிடிப்பு குறைவதோடு உருள்தடையும் கூடுவதால், அவ்வகை வண்டிக்கும் இப்பாரம் அரிதே. பாதை காயும் வரை பொறுத்தல், அல்லது சுமையைப் பிரித்து இருமுறை செல்லுதல் என்னும் இரண்டே வழிகள் உள்ளன.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டில் ஓட்டிய நம் முன்னோருக்கு இப்பாடம் புதிதன்று. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு களைத்து மண்டியிடும். ஆகவே ஏற்றத்திற்கு முன் வண்டிலை நிறுத்திச் சுமையைச் சற்று முன்னே தள்ளுவர். பெட்டிக்கும் விதி இதுவே.

பெட்டியின் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இழுகோலின் முனையில் அமைதல் வேண்டும். நெல் நிறுக்கும் மேடைத்தராசின்மேல் கட்டை வைத்து, கொக்கியின் உயரத்தில் இழுகோலை அதன்மேல் இருத்தி அளக்கலாம். முன்பாரமும் பிக்கப்பிலுள்ள சுமையும் சேர்ந்து, உற்பத்தியாளர் அவ்வண்டிக்கு விதித்த தாங்குநிறையை மீறலாகாது. எமது எடுத்துக்காட்டில் அது 600, 200 சேர்ந்து 800 கிலோகிராம்.

சமதரையில் முன்பாரமாக இருப்பது ஏற்றத்திற் பின்பாரமாக மாறக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. பூசணிக்காயை அடைக்காமல் குவித்துச் சென்றால், ஏற்றத்தில் அது பின்னோக்கி உருளும். அப்பொழுது இழுகோல் மேலெழுந்து பிக்கப்பின் பின்புறத்தைத் தூக்கும். பிடிப்பு மிகவும் தேவைப்படும் அவ்வேளையிலேயே அது இல்லாமற்போகும். பெட்டியின் நடுவே குறுக்குப்பலகை அடித்து, சுமையை இரு அறைகளாகப் பிரித்து நிரப்பின் இவ்விடர் வராது. மூடைகளைச் செங்கல் அடுக்குவதுபோல மாற்றி அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுக.

ஈரநெல்லைப் பற்றியும் ஒரு சொல். அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் ஈரம் 22 சதவீதம் இருப்பின், நெல் சந்தைப்படுத்தும் சபை கோரும் 14 சதவீதத்திற்கு உலரும்போது 100 கிலோகிராம் 91 கிலோகிராமாகக் குறையும். அதாவது 2,100 கிலோகிராம் ஈரநெல்லை ஏற்றுபவர், மூன்று மூடைக்கு மேற்பட்ட நிறையுள்ள வெறும் நீரையும் ஏற்றத்தில் இழுக்கின்றார். ஏற்றத்திற்கு இப்பாலேயே உலர்த்த இடமிருப்பின் உலர்த்திய பின் ஏற்றுதல் மேல்.

மாற்றங்களில் உகந்தனவும் தகாதனவும்

எரிபொருட் பம்பியைத் திருகுதல்: டீசல் இயந்திரத்தில் வலுவை ஆள்வது உள்ளே செலுத்தப்படும் டீசலின் அளவாகும். ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிய ஏறத்தாழ 12 கிலோகிராம் காற்று, அதாவது பத்துக் கனமீற்றர் காற்று வேண்டும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் மிகுதி டீசல் எரியாமல் கரும்புகையாக வெளிவரும். புகை கறுத்தால் வலு மிகுந்தது என்று கருதுவோர் உளர். உண்மையில் அது பணம் புகையாகும் காட்சியேயாகும். அன்றியும் வெளியேறும் வாயுவின் வெப்பம் உயர்ந்து பிஸ்டனும் வால்வும் கெடும். தாழ்ந்த வேகத்தில் நீண்டநேரம் முழுவலுவுடன் ஏறும் வண்டியில் இக்கேடு மிக விரைவில் நேரும். 2022ஆம் ஆண்டில் டீசலுக்காக வரிசையில் நின்ற நாட்களை நினைவுகூர்வோர் இம்மாற்றத்தைச் செய்யத் துணியார்.

ரேர்போ பொருத்துதல்: இது காற்றையும் கூட்டுவதால் முன்னையதிலும் நெறியானது. ஆயினும் அதற்கென அமையாத இயந்திரத்திற் பொருத்தினால் குளிராக்கியும் தலைமூடியின் அடைப்பும் தாங்குவதில்லை. ரேர்போ உள்ள எந்த வண்டியையும் ஏற்றம் ஏறியவுடன் நிறுத்தி அணைக்காமல், இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பின் அணைத்தல் வேண்டும்.

வில்லுத்தகடு கூட்டுதல்: தகடு கூட்டினால் வண்டியின் பின்புறம் தாழாது. ஆனால் அச்சும், டயரும், பிரேக்கும் முன்பு இருந்தவையே. வண்டி தாழாமையால் மிகைப்பாரம் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது; இதுவே இம்மாற்றத்தின் இடர்.

உகந்த மாற்றங்களும் உள. குளிராக்கியைக் கழற்றித் துப்புரவாக்குதல், நல்ல விசிறிப்பட்டி பூட்டுதல், காற்று வடிகட்டியை அறுவடைத் தூசுக் காலத்தில் அடிக்கடி சுத்தஞ்செய்தல், ஆழமான வரிகளுள்ள டயர் இடுதல், எல்லாவற்றிலும் மேலாகப் பெட்டிக்குத் தனியே பிரேக்கு அமைத்தல் ஆகியன செலவுக்கேற்ற பயன் தருவன. வண்டியின் அமைப்பை மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியையும் காப்புறுதி நிபந்தனைகளையும் முன்னரே கேட்டறிந்து கொள்க.

கொக்கியும் ஆணியும்

இழுவைக்கொக்கியைப் பம்பரில் ஒட்டுதல் கூடாது. பம்பர் இழுவிசையைத் தாங்குவதற்கு அமைந்ததன்று. வண்டியின் அடிச்சட்டத்தின் இரு பக்க நெடுஞ்சட்டங்களையும் பற்றுமாறு உருக்குத்தகடு வைத்து, மறையாணியாற் பூட்டுக. இணைப்பாணிக்கு மேலெழாதவாறு பூட்டுமுள் இடுக. கம்பித்துண்டோ, வளைத்த ஆணியோ, கயிறோ அதற்கு ஈடாகாது.

இழுகோலிலிருந்து வண்டியின் சட்டத்திற்கு இரண்டு சங்கிலிகளை ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லுமாறு இணைத்தல் வேண்டும். ஆணி முறியினும் இழுகோல் நிலத்திற் குத்தாமல் அச்சங்கிலிகளின்மேல் தங்கும். பெட்டியும் பின்னோக்கி ஓடாது.

நான்கு சக்கர உழவு இயந்திரத்திற் பெட்டியைத் தாழ்ந்த இழுவைச்சட்டத்திலன்றி வேறெங்கும் பூட்டலாகாது. பின் அச்சிற்கு மேலான இடத்தில் சங்கிலியோ இழுகோலோ கட்டின், ஏற்றத்தில் முன்சக்கரம் எழும்பி இயந்திரம் பின்னோக்கிக் கவிழும். கண்ணிமைக்கும் பொழுதில் நிகழும் இவ்விபத்தில் சாரதி குதித்துத் தப்புதல் அரிது. வீதியில் ஓடும்போது இடவலப் பிரேக்கு மிதிகள் இரண்டையும் தாழினால் ஒன்றாகப் பிணைத்து வைத்தலும் மறவற்க.

ஏறும் முறை

1. பாதையை முதலில் நடந்து பார்க்கவும். பள்ளம், தளர்ந்த மண், வளைவு, எதிரே வரும் வண்டி ஒதுங்குமிடம் ஆகியவற்றை அறிந்து கொள்க.

2. ஏற்றத்தின் அடியிலேயே தாழ்ந்த கியரை இடுக. நடு ஏற்றத்திற் கியர் மாற்ற முயன்றால் வண்டி நின்றுவிடும். நான்கு சக்கர இயக்கமும் தாழ்கியரும் உள்ள வண்டியில் அவற்றையும் அடியிலேயே இணைத்துக் கொள்க.

3. சீரான வேகத்தில் ஏறுக. வேகமாக ஓடிவந்து மோதியேறும் வழக்கம் இணைப்பாணிக்கும் அச்சிற்கும் கேடு.

4. கிளச்சைப் பாதி மிதித்தபடி ஏறலாகாது. சில நிமிடங்களிற் கிளச்சுத்தட்டு எரிந்துபோகும். எரிந்த நாற்றம் வந்தால் சுமையைக் குறைக்கும் அறிவிப்பென அதனைக் கொள்க.

5. வெப்பங்காட்டி உயரின், இயலுமிடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு ஆறவிடுக. கொதிக்கும் குளிராக்கியின் மூடியைத் திறத்தலாகாது.

6. பெட்டியிலோ, சுமையின்மேலோ, இழுகோலின்மேலோ ஒருவரும் இருத்தல் ஆகாது. கூலியாட்கள் ஏற்றத்தை நடந்து கடக்கட்டும். பெட்டிக்கு நேர்பின்னே எவரும் நடத்தலும் தகாது.

நடு ஏற்றத்தில் நின்றுவிட்டால்

ஒருவர் தடைக்கட்டையுடன் பெட்டியின் பக்கவாட்டில் நடந்து வருதல் நன்று. ஆப்பு வடிவில் வெட்டிய வன்மரக்கட்டைக்கு நீண்ட கைபிடி இருப்பின், பெட்டிக்குப் பின்னே செல்லாமலே அதனைச் சக்கரத்தடியில் இடலாம்.

வண்டி நின்றவுடன் காற்பிரேக்கை அழுத்தியபடி கைப்பிரேக்கை இழுத்து, பெட்டியின் இரு சக்கரங்களுக்கும் பின்னே கட்டை இடுவிக்கவும். கைப்பிரேக்கை மட்டும் நம்புதல் கூடாது. பெரும்பாலான பிக்கப்புகளில் அது பின்சக்கரங்களை மட்டுமே பற்றும். பெட்டியுடன் பின்னோக்கி இறங்கித் திரும்ப முயல்வதும் தகாது. பெட்டி ஒருபக்கம் மடங்கி, வண்டியையும் இழுத்துக்கொண்டு கட்டிலிருந்து சரியும். கட்டை இட்டபின் சுமையிற் பாதியை இறக்குக. மூடை இறக்குவது சிரமமே. ஆயினும் வழிகளில் மிக எளியது அதுவே.

இறங்கும் முறை

ஏறிய சுமை எங்கேனும் இறங்கியாக வேண்டும். குளக்கட்டின் ஒருபுறம் ஏறுவோர் மறுபுறம் இறங்குவர். பெட்டிக்குப் பிரேக்கு இல்லையெனின், அதன் முழுநிறையையும் பிக்கப்பின் பிரேக்கே தாங்கவேண்டும்.

காய்ந்த சமமான தார்வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும், 10 மூடை ஏற்றிய பிக்கப் பெட்டியின்றித் தனியே நிற்க, பிரேக்கு மிதித்தபின் ஏறத்தாழ பத்தரை மீற்றர் தூரம் போதும். பிரேக்கு இல்லாத பெட்டியில் மேலும் 25 மூடையை இழுத்துச் சென்றால் அதே பிக்கப் நிற்க 18 மீற்றர் வேண்டும். 10க்கு 1 என்ற இறக்கத்தில் அது 25 மீற்றராகும். சாரதி உணர்ந்து காலெடுத்து மிதிக்கும் ஒரு விநாடியிற் செல்லும் 11 மீற்றரையும் இதனுடன் கூட்டுக. இவையும் நல்ல பிரேக்கும் நல்ல டயரும் உள்ள வண்டிக்குரிய கணக்குகள். மணல் பரந்த பாதையில் தூரம் இன்னும் நீளும். பெட்டி பின்னிருந்து தள்ளி வண்டியைக் குறுக்கே மடக்கவும் கூடும்.

இக்காரணம்பற்றியே ஐரோப்பிய நாடுகளில் பிரேக்கு இல்லாத பெட்டியின் மொத்த நிறை 750 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என விதித்துள்ளனர். எமது எடுத்துக்காட்டுப் பெட்டி வெறுமையாகவே 500 கிலோகிராம். ஆகவே பிரேக்கு இல்லையெனின் அதில் நான்கு மூடைக்கு மேல் ஏற்றுவது தகாது. 25 மூடை ஏற்ற விரும்புவோர் முதலிற் பெட்டிக்குப் பிரேக்கு அமைத்துக் கொள்ளுதல் வேண்டும். பம்பியைத் திருகச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடுவதே அறிவுடைமை.

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் பொதுவிதி. இயந்திரமே வேகத்தை அடக்கும். டீசல் மிச்சப்படும் என்று எண்ணிக் கியரை விடுவித்து இறங்குவோர் சிலர் உளர். கியர் பூட்டியபடி மிதியிலிருந்து காலெடுத்து இறங்கும்போது, பம்பி டீசல் விடுவதையே நிறுத்திவிடும். விடுவித்த கியரிலோ இயந்திரம் தானே ஓட டீசல் செலவாகும். ஆகவே அவ்வழக்கத்தால் மிச்சமும் இல்லை, காவலும் இல்லை.

லாண்ட்மாஸ்டர் ஓட்டுவோர் இன்னுமொன்றைக் கட்டாயம் அறிதல் வேண்டும். சமதரையிலும் ஏற்றத்திலும் இடது திருப்புப்பிடியை அழுத்தினால் இயந்திரம் இடப்புறம் திரும்பும். இறக்கத்திலோ அதே பிடியை அழுத்தினால் வலப்புறம் திரும்பும். ஏனெனில், இறக்கத்தில் பாரம் இயந்திரத்தைத் தள்ளுகின்றது. பிடி அழுத்திய பக்கச் சக்கரம் இயந்திரத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டு விரைந்தோட, மற்றச் சக்கரம் பின்தங்குகின்றது. இதனை அறியாதவர் கட்டின் ஓரத்திலிருந்து விலகப் பிடியை அழுத்தி, ஓரத்தை நோக்கியே செல்வர். இறக்கத்தில் திருப்புப்பிடியைத் தொடாமல், கைப்பிடியை உடலால் தள்ளியே திருப்புக. பெட்டியின் பிரேக்கினால் வேகத்தை அடக்குக.

குளக்கட்டைக் காத்தல்

சக்கரம் சுழன்று தோண்டிய இடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கும். தேங்கிய நீர் பள்ளத்தை வாய்க்காலாக்கும். வாய்க்கால் கட்டை அரிக்கும். ஒரு பெட்டி நெல்லை ஒரு நடையில் ஏற்றிய இலாபம், அடுத்த போகத்துக்குரிய நீரை இழப்பதற்கு ஈடாகாது. துருசுக்கு மேலும் வான் பகுதியிலும் பாரவண்டி செலுத்துதல் அறவே தகாது. சிறுகுளங்களில் ஏறுபாதை அமைக்க வேண்டுமாயின் கமக்காரர் அமைப்பின் வாயிலாகக் கமநல சேவை நிலையத்திற்கு அறிவித்து, இடமும் சாய்வும் தீர்மானித்தபின் கிரவல் இட்டு இறுக்கி அமைத்தல் வேண்டும். பாதையின் நீளத்தை இருமடங்காக்கின் சாய்வு பாதியாகும். 7க்கு 1 என்பது 14க்கு 1 ஆகும். அமைப்பினர் கூடி ஒருநாள் சிரமதானத்திற் செய்யும் இவ்வேலை, ஊரிலுள்ள எல்லா வண்டிகளின் இயந்திரத்தையும் ஒருங்கே பெரிதாக்கியதற்கு ஒப்பாகும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. சாய்வை அளந்து, மொத்த நிறையைக் கணக்கிட்டபின் சுமை ஏற்றுக.

2. சுமையில் ஒரு பகுதியை இழுக்கும் வண்டியிலும் ஏற்றுக. பெட்டியிற் பத்திலொரு பங்கு முன்பாரம் வைக்குக.

3. பெட்டிக்குப் பிரேக்கு இல்லையேல் மொத்த நிறை 750 கிலோகிராமைத் தாண்டற்க.

4. இணைப்பாணிக்குப் பூட்டுமுள், இழுகோலுக்கு இரட்டைச் சங்கிலி, சக்கரத்திற்குத் தடைக்கட்டை ஆகிய மூன்றும் இன்றிப் புறப்படற்க.

5. ஏறிய கியரிலேயே இறங்குக.

6. பாரப்பெட்டியின்மேல் எவரையும் ஏற்றற்க.

7. ஐயம் எழுந்தவிடத்து இரண்டு நடையாகச் செல்லுக. வயலிலிருந்து வீதிக்கு இன்னுமொரு நடை சென்றுவர ஒரு லீற்றரளவு டீசலே செலவாகும். ஒரு கிளச்சுத்தட்டின் விலையில் அத்தகைய நடைகள் பல செல்லலாம். ஓர் ஆளின் உயிருக்கோ விலையே இல்லை.